மலையில் பேச வேண்டாம் என்று சொன்ன நாள்

இன்று காலையில் மகள் எலிப்பொறியில் குத்துவதற்குத் தேங்காய்ச் சொட்டு ஒன்றை நெருப்பில் சுட்டாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓர் எலி குடிவந்திருக்கிறது. நான் முன் அறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கருகல் வாசம் மூக்கில் ஏறியதும் எழும்பிவிட்டேன். கிணற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். "உம்மா, என்ன தேடுறீங்க?" என்று மகள் கேட்டாள். என்ன சொல்ல? தேடினால் கிடைக்கிற இடத்தில் நீ இல்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன் தங்கச்சி. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. நீ இருந்திருந்தால் வாசிக்கும்போதே பேனையை எடுத்துத் திருத்தியிருப்பாய், நான் கோபப்பட்டிருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது வராது. நீ கண்ணை மூடிய அன்று உன்னைக் குளிப்பாட்டி முடிக்கவில்லை, அதற்குள் அந்தச் சாய்ந்தமருதுக்காரி பெண்களுக்கு நடுவில் இருந்துகொண்டு சொன்னாள், எலியோடு கிடந்தவளை எலிக்காய்ச்சல்தான் கொண்டுபோயிருக்கும் என்று. உனக்கு வந்தது மார்பில் புற்று. அது அவளுக்கும் தெரியும். அவள் யார் என்று உனக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் உனக்குப் பேசி வந்த மாப்பிள்ளையின் ராத்தா. அந்தக் கலியாணம் நடக்காமல் போன கோபத்தை இத்தனை வருடம் கருவாடு மாதிரி உப்புப் போட்டு வைத்திருந்து, உன் மையித்துக்குப் பக்கத்தில் வந்து எடுத்து வைத்தாள். வைத்திருக்கட்டும். எனக்கும் உப்புப் போடத் தெரியும். அவள் வீட்டுக் கலியாணச் சோறு இனி என் வாயில் படாது.

உன்னோடும் எனக்குக் கோபம்தான். அந்த மார்பு வருத்தம் வந்ததை எல்லோருக்கும் சொன்னாய், எனக்கு மட்டும் சொல்லவில்லை. "ராத்தாக்குச் சொல்லாதீங்க, ஓடி வந்துருவா" என்றாயாம். ஓடித்தான் வந்திருப்பேன். வந்தால் என்ன? நீ இருந்த கண்டி என்ன கடலுக்கு அந்தப் பக்கமா? நான் வந்து சேர்ந்தபோது உன்னால் என்னோடு சரியாகக் கதைக்கக்கூட முடியவில்லை. இதை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளவில்லை. துஆவில் உனக்காகக் கேட்கும்போதும் பொறுக்காமல்தான் கேட்கிறேன்.

சரி, தேங்காய் வாசத்துக்கு வருகிறேன்.

நீ மலைக்குப் போய் எலி பிடிக்கிறாய் என்ற கதை ஊருக்குள் வந்தபோது வாப்பாவுக்குத்தான் பெரிய அடி. அவர் வயல் செய்கிற வட்டைக்காரர். வயலில் எலி விழுந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வரம்பு வரம்பாக வளை தோண்டி அடிப்பார். அப்படிப்பட்டவரின் மகள் பல்கலைக்கழகத்தில் படித்து, மலையில் போய் அதே எலியைப் பிடித்து, எடை நிறுத்து, வாலை அளந்து, திரும்பவும் காட்டில் விட்டுவிட்டு வருகிறாளாம். "புடிக்கிற சரி. ஏன் புள்ள உடுறாள்?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் சாய்ந்தமருதுச் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், குனிந்த தலை நிமிராதவர். எனக்கும் பிடித்தது. நீ பெருநாளைக்கு வீட்டுக்கு வந்திருந்தாய். மலையில் இன்னும் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று வாப்பாவிடம் சொன்னாய். முடிகிற வேலை எது, முடியாத வேலை எது என்று வாப்பாவுக்குத் தெரியவில்லை. காட்டில் ஆண்களோடு ஒரு பெண்பிள்ளை நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒரு தரம் அவளோட போய்ப் பாத்துட்டு வா. நீ சொல்றதுதான் முடிவு. சரியான இடமெண்டா இருக்கட்டும். இல்லாட்டி கையோட கூட்டிட்டு வா, நிக்காஹ முடிப்பம்."

நீ என்னைப் பார்த்தாய். கெஞ்சவில்லை. உனக்குக் கெஞ்சத் தெரியாது, நான்தானே வளர்த்தேன். உன்னைப் பெற்ற கையோடு உம்மா மௌத்தாகிவிட்டார். யார் பிள்ளையைப் பார்ப்பது என்று பெரியவர்கள் கதைத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தால் நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு நீ படித்தாய், படித்துக்கொண்டே போனாய். எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, ஒரு புகைச்சலும் இருந்தது. இரண்டையும் ஒரே அடுப்பில் வைத்துத்தான் உனக்குச் சோறு ஆக்கினேன்.

சண்டையை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம் அது. பாதைகளைத் திறந்து விட்டிருந்தார்கள். மகியங்கனையைத் தாண்டி பஸ் மலையில் ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். நீ பையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சந்தான் ராத்தா" என்று ஒவ்வொரு வளைவிலும் பொய் சொன்னாய். இந்தப் பாதையில் ஒரு பெண்பிள்ளை வந்து போவதா, கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று பாதி வழியிலேயே நான் முடிவெடுத்துவிட்டேன்.

நீ இருந்த இடம் ஒரு பழைய ஏலக்காய் வாடி, தோட்டத்துக் கொட்டகை. ஏலம் காய வைத்த வாசம் சுவரில் ஊறிப்போயிருந்தது. நமக்கு ஓர் அறை, சேருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை. சமைக்க மாரியாயி என்று ஒரு தோட்டத்துப் பெண். சேர் உன் பேராசிரியர், சிங்கள மனிதர், நரைத்த தாடி. தோட்டங்களில் பழகியதால் தமிழ் தெரியும் என்று நீ சொன்னாய். தொழ இடம் இருக்கிறதா, தண்ணீர் சுத்தமா, கதவுக்கு உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தேன். இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. குறை கண்டுபிடிக்க வந்தவளுக்குக் குறை இல்லாவிட்டால் கை வெறுங்கையாக இருக்கும்.

அடுத்த நாள் சுபஹ் தொழுத கையோடு நீ கிளம்பினாய். தேத்தண்ணி குடிக்கவும் விடவில்லை. ஏன் இந்தப் பறப்பு என்று கேட்டேன். மலை மூஞ்சூறு நம் வீட்டு மூஞ்சூறு மாதிரி இல்லை, விரலளவுதான் இருக்கும், கொஞ்ச நேரம் தின்னாமல் இருந்தாலே மௌத்தாகிவிடும், பொறிப் பெட்டிக்குள் விழுந்ததை வெயிலுக்கு முந்தித் திறக்க வேண்டும் என்று நடந்துகொண்டே சொன்னாய்.

"ஒரு இடத்துல இருக்க மாட்டாது ராத்தா. ஒங்களப் போலதான்."

எனக்குக் கோபம் வந்தது. மூஞ்சூறோடு சேர்த்துவிட்டாயே என்று.

காலில் சவர்க்காரமும் உப்பும் பூசியும் அட்டை ஏறியது. பனி முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. மரத்துக்கு மரம் சிவப்புச் சீலைத் துண்டு கட்டியிருந்தாய்; ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தகரப் பெட்டி, உள்ளே சுட்ட தேங்காய்ச் சொட்டு, குளிருக்குப் பஞ்சு. ஒவ்வொரு பெட்டியையும் திறக்க முந்தி பிஸ்மி சொன்னாய். உள்ளே இருந்ததைச் சீலைப் பையில் கொட்டி, தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு, பல்லைப் பார்த்து, காதைப் பார்த்து, பின்னங்காலை அளந்து, அடையாளத்துக்கு வயிற்றில் கொஞ்ச மயிரைக் கத்தரித்து, திரும்பக் காட்டில் விட்டாய். நான் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றேன். எலியைத் தொட்ட கையோடு பக்கத்தில் வராதே என்று உன்னை ஏசினேன். நீ சிரித்தாய். உன் முகம் வீட்டில் இருந்த முகமாக இல்லை. அதையும் நான் கவனித்தேன்.

ஒரு பெட்டியில் மூஞ்சூறு செத்துக் கிடந்தது. உன் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சேர் மேலேயிருந்து இறங்கி வந்தார். பெட்டியைப் பார்த்தார், பிறகு விரலை நீட்டி நீட்டி உனக்கு இங்கிலீசில் நிறையச் சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விரல் விளங்கியது.

பகலில் மாரியாயியோடு உருளைக்கிழங்கு தோல் சீவினேன். சேர் எப்படிப்பட்ட மனிதர் என்று அவளிடம் வாயைக் கிண்டினேன்.

"தங்கமான மனுசருங்க பெரியம்மா" என்றாள். "ஆனா தெனமும் பேசுவாரு. காலையில பேசுவாரு, சாப்புட்டப்பறமும் பேசுவாரு. ஒங்க தங்கச்சி வாயே தெறக்காது. கேட்டுக்கிட்டே ஒக்காந்திருக்கும், பாவம்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. நம் ஊரில் பேசுவது இரண்டுக்குத்தான்: ஒன்று கலியாணம் பேசுவது, மற்றது ஏசுவது. சும்மா வாய் திறந்து சொல்வதற்குக் கதைப்பது என்றுதான் பெயர். காலையிலும் பேசுகிறார், சாப்பிட்ட பிறகும் பேசுகிறார், தாயில்லாத பிள்ளை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. விரல் நீட்டியதைக் கண்ணாலும் பார்த்துவிட்டேன். இனி என்ன சாட்சி வேண்டும்?

முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன். அவர் வாசலில் இருந்து சப்பாத்தில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீ ஓடையில் சீலைப் பைகளைக் கழுவப் போயிருந்தாய்.

"சேர், என்ட தங்கச்சிக்கு இனி நீங்க பேசப்படா" என்றேன். "எங்கட ஊட்டுல வாப்பாவும் அவவுக்குப் பேசினதில்ல. பேசுறதெண்டா நான் இப்பவே கூட்டிட்டுப் போயிருவன்."

அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். முகம் வாடிப்போயிற்று. "தெரியாம நடந்திச்சு அம்மா. மன்னிக்க ஓணும். இனி பேச மாட்டேன்" என்றார். எவ்வளவு மரியாதை! ஒரு பெரிய மனிதரை ஒரு பேச்சில் திருத்திவிட்டேன் என்று அஸர் தொழுகை வரைக்கும் எனக்குத் தலை நிமிர்ந்து இருந்தது.

அவரும் சொன்ன சொல் தவறவில்லை. நீ ஏதோ கேட்கப் போனாய், அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுபடியும் போனாய். அப்போது சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. நீ திரும்பி வந்தபோது உன் முகத்தில் இரத்தம் இல்லை.

"நாளைக்கு ஒங்களோட என்னையும் கீழ போகட்டாம்" என்றாய். "இனி மல வேணாமாம். கெம்பஸ்ல போத்தல்ல போட்டு வெச்சிருக்கிற எலியப் பாக்கட்டாம். என்ன பிழ செஞ்சனெண்டு தெரியல்ல ராத்தா."

நான் வந்த வேலை முடிந்துவிட்டது. வாப்பாவிடம் சொல்ல ஒன்றுமே தேவையில்லை. அவர்களே அனுப்பிவிட்டார்கள், நிக்காஹை முடிக்கலாம். எனக்கு லேசாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. நீ அழவில்லை. தேங்காய்ச் சொட்டுகளை எடுத்துச் சுட்டாய், ஒவ்வொன்றாக, கருகும் அளவு பார்த்து. விடியப் போகப்போகிறவள், நாளையப் பெட்டிக்குச் சுடுவது போலச் சுட்டாய்.

பின்னேரம் கடைசித் தடவையாகப் பெட்டிகளைப் பார்க்கப் போனோம். இந்தத் தடவை பிஸ்மி மட்டும்தான் உன் வாயிலிருந்து வந்தது. மேலே முகில் இறங்கிக்கொண்டிருந்தது. சேர் எங்களுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி, பாதை மேட்டில் வந்தார். அவருக்கும் நமக்கும் நடுவில் மாரியாயி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு.

ஒரு பெட்டி மூடியிருந்தது. திறந்தாய். பஞ்சுக்குள் ஒரு சின்ன உயிர், நீண்ட வால், நனைந்து சுருண்டு கிடந்தது. நீ அதை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தாய். வேறு யாரைப் பார்ப்பாய்? "கையத் தாங்க ராத்தா. பொத்திப் புடிங்க. இறுக்கப்படா. நான் இதுக்குத் தின்ன ஏதும் பாக்கன்."

நஜீஸ், அசுத்தம் என்று சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை. கை தானாகவே நீண்டுவிட்டது. குளிர்ந்த ஒரு நூல் முடிச்சு மாதிரி இருந்தது. நீ கல்லைப் புரட்டி மண்புழு தேடினாய். நான் என் வாய்ச் சூட்டை உள்ளங்கைக்குள் ஊதினேன். பிறகு அது துடிக்கத் தொடங்கியது. நம் நெஞ்சு மாதிரி இல்லை தங்கச்சி, எண்ண முடியாத துடிப்பு. ஒரு நடுக்கம் மாதிரி, ஓர் ஓட்டம் மாதிரி. அவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு அவசரமா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மேட்டிலிருந்து சேர் மாரியாயிக்கு ஏதோ சொன்னார். மாரியாயி நமக்குக் கத்தினாள்.

"அது உசுரோட இருக்கான்னு சாரு கேக்குறாரு!"

நீ நிமிர்ந்தாய். "ஏன் அவரு என்னட்டக் கேக்காம ஒங்கள்ட்டக் கேக்காரு?"

"அவரு ஒங்ககூட பேசக்கூடாதாமே. பெரியம்மா தடுத்துட்டாங்களாம்."

நீ என் பக்கம் திரும்பினாய். புழு உன் விரலில் நெளிந்துகொண்டிருந்தது. "ராத்தா, அவருக்கிட்ட என்ன சொன்ன நீங்க?"

"பேச வேணாமெண்டு சொன்னன். காலையிலயும் ஏச்சு, திண்ட பொறகும் ஏச்சு. ஒன்ன ஏசுறதுக்கு அவரு ஆரு?"

கொஞ்ச நேரம் உனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நீ அந்த ஈர மண்ணிலேயே குந்திவிட்டாய். அழுகிறாய் என்று நினைத்தேன், சிரிப்பு. சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அவரு ஏசல்ல ராத்தா. கதைச்சவரு. இந்த மலப் பக்கத்துல பேசுறதெண்டா கதைக்கிறது. காலையில விரல நீட்டினது பஞ்சு காணாது, இன்னும் வேணுமெண்டு சொல்ல. ஒன்ட பிழ இல்ல, குளிராலதான் செத்ததெண்டு சொன்னாரு."

எழுந்து அவருக்குச் சிங்களத்தில் கத்திச் சொன்னாய். அந்த மனிதருக்குச் சிரிப்பு வர நேரம் எடுத்தது. முஸ்லிம் வீட்டுப் பெண்ணோடு வாயே திறக்கக் கூடாது என்று வீட்டார் கட்டளை போட்டுவிட்டார்கள், இனி இவளை வைத்திருப்பது மரியாதை இல்லை என்றல்லவா அவர் நினைத்திருந்தார். மெதுவாக இறங்கி வந்து, எனக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்:

"அம்மா, நான் தங்கச்சியோட கதைக்கலாமா?"

"கதைங்க" என்றேன். "பேசத்தான் வேணாம்."

இன்றைக்கும் சொல்கிறேன், நான் கேட்டதில் பிழை இல்லை. அந்தச் சொல்லில்தான் பிழை. மலைக்கு ஒரு தமிழ், கரைக்கு ஒரு தமிழ் என்று வைத்தவர்களைப் போய்க் கேள்.

மூஞ்சூறு புழுவைத் தின்றது. என் உள்ளங்கையில் இருந்துகொண்டே தின்றது, உன் விரலிலிருந்து பிடுங்கி. பிறகு எடை நிறுத்தாய், அளந்தாய். சேர் பக்கத்தில் நின்று கதைத்தார், நீயும் கதைத்தாய், ஒரு சொல்லும் விளங்காமல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ வாய் திறக்காத பிள்ளையா! அவரை இடைமறித்து இடைமறித்துக் கதைத்தாய். விடும்போது என் கையிலிருந்துதான் விட்டோம். விரலைத் திறந்தேன். இருந்தது, இல்லை. இலை ஆடியது மட்டும் தெரிந்தது. நான் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகில் விலகி, கீழே தூரத்தில், நம் பக்கத்துச் சமவெளி நீலமாக விரிந்து கிடந்தது. என் வீடு, என் பிள்ளைகள், வாப்பா, எல்லாம் அந்த நீலத்துக்குள் எங்கேயோ. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வடிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. வாங்க ராத்தா, மஃரிபாகுது, இருட்டப்போகுது என்று நீ கூப்பிட்டபோதுதான் அசைந்தேன்.

நான் தனியே இறங்கி வந்தேன். வாப்பா முன் விறாந்தையில் வெற்றிலைத் தட்டோடு இருந்தார். பஸ்ஸில் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். இடம் சுத்தம், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பெண்ணுக்குப் பெண் துணை உண்டு, சேர் தொப்பியைக் கழற்றிக் கதைக்கிற மனிதர், ஒரு தொழுகையும் தவறிக் களாவாகவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "மாப்புள நல்லவரெண்டு நீதானே சொன்ன. இப்ப ஏன் அவளுக்காக இவ்வளவு கதைக்காய்?" என்றார்.

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒரு பகல்தான் அந்த மலையில நிண்டன் வாப்பா. எனக்கே திரும்பி வர மனம் வரல்ல."

வாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். உம்மா மௌத்தான வாரத்திலேயே என் பள்ளிக்கூடச் சாமான்களைக் கட்டிப் பரணில் போட்ட மனிதர் அவர். மடித்த வெற்றிலை வாய்க்குப் போகாமல் கையிலேயே இருந்தது. "சாய்ந்தமருதுக்கு வேணாமெண்டு சொல்லி அனுப்புறன்" என்று மட்டும் சொன்னார்.

வாப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று நீ பிறகு கேட்டாய். நல்ல இடம் என்று சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். நீயும் நம்பினாய். மற்றதை உனக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். வாங்களேன் ராத்தா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருப்பாய். நான் பிள்ளைகளையும் சட்டிபானையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருப்பேன். அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை. அந்தப் பயம் இன்னும் என் காலில் இருக்கிறது தங்கச்சி. கூப்பிட நீ இல்லை. கால் அதைக் கேட்பதாக இல்லை, கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக நடக்கிறது.